குடியத்துக் குரங்கும் எளாவூர்ப் பங்காளியும்

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, காலை ஐந்தே கால் மணி. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழைய ஆம்னி வேனில் ஏறி உட்கார்ந்தேன். குடியம் குகை, பூண்டி, பழவேற்காடு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். ஊர் சுற்றும் ஆசையில் போனதாக நினைக்காதீர்கள். பயத்தில் போனேன்.

விவரம் சொல்கிறேன். நான் விலங்கியல் படித்தவள், பி.எட். முடித்தவள். வேலை பார்ப்பதோ சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். பெட்டி மேல் ஒட்டிய லேபிள் நேராக இருக்கிறதா என்று மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லேபிள் எல்லாம் நேராகத்தான் இருக்கிறது, நான்தான் கோணலாகிக்கொண்டு வருகிறேன். ஆசிரியை வேலைக்காக இரண்டு தனியார் பள்ளிகளில் டெமோ கிளாஸ் எடுத்தேன். இரண்டும் ஊத்திக்கிச்சு.

இரண்டாவது ஊத்திக்கொண்ட கதையைச் சொன்னால்தான் இந்தப் பயணம் புரியும். பரிணாமம் பாடம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் கையைத் தூக்கினார். "குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன்மா இன்னும் குரங்காவே இருக்கு?" என்று கேட்டார். இதற்குப் பதில் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகளும் என் வாயையே பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அது மெதுவா மாறிக்கிட்டு இருக்கு சார்" என்று சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "மாறினதும் சொல்லி அனுப்புங்க" என்றார் அவர். பஸ்ஸில் வரும்போது அழுதேன், வேறென்ன செய்ய.

மூன்றாவது டெமோ வருகிற செவ்வாய்க்கிழமை. அங்கேயும் அதே பாடம்தான் கேட்டிருந்தார்கள். கம்பெனியில் அடுத்த ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குப் புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டால் நடுவில் விட முடியாது. செவ்வாயும் போனால் இன்னும் ஒரு வருஷம் லேபிள். புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் நாக்கு ஒட்டுகிறது, கண்ணால் பார்த்ததைச் சொன்னால் ஒட்டாது என்று ஒரு குருட்டு நம்பிக்கை. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பார்க்க என்ன இருக்கிறது என்று தேடி எடுத்த மூன்று இடங்கள்தான் இவை.

வண்டி சீனு அண்ணனுடையது. எளாவூர்க்காரர், வீடு பார்டர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில். ஐம்பது வயது இருக்கும். எங்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருபவர் என்பதால் பழக்கம். நாள் வாடகை ₹3,200, பெட்ரோல் அதிலேயே அடக்கம், அவருடைய சாப்பாடு என் பொறுப்பு. எப்போதும் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு வருகிறவர் அன்று ஒரு வாரத் தாடியோடு இருந்தார். எனக்கு இருந்த கவலையில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டைக்குச் சத்தியவேடு வழி கிட்டம். ஆனால் அது ஆந்திராவுக்குள் நுழைந்து வெளியே வரும் வழி. "பார்டர் தாண்டினா பெர்மிட் கேட்டு பேஜாரு பண்ணுவான்மா" என்று அண்ணன் தச்சூர், பெரியபாளையம் வழியாகவே விட்டார். வெளியே ஒன்றும் தெரியாத பனி. லாரிகளின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் கையைச் சொறிந்துகொண்டே வந்தேன். என் அறையில் அவ்வளவு கொசு.

"ஊட்டுல எனக்கும் அதே கதைதான்" என்றார் அண்ணன். "மின்னாடி ஒரு கொசுவத்தி கொளுத்தினா போதும். இப்போ மூணு கொளுத்தினாலும் அதும் பக்கத்துலயே வந்து குந்திக்கினு கீது. பழகிக்கிச்சு."

"பழகலண்ணா. செத்தது எல்லாம் அப்பவே செத்துப்போச்சு. ஏதோ ஒண்ணு ரெண்டு பிறவியிலயே புகையைத் தாங்குறதா இருந்திருக்கும். அதுங்க பிழைச்சு முட்டை போட்டுச்சு. இப்ப கடிக்கிறது பூரா அதுங்களோட பிள்ளை, பேரன்."

அவர் முன்னால் போன லாரியை முந்தினார். "அப்போ டப்பு போட்டு வத்தி வாங்கி, நல்ல கொசுவா பொறுக்கி வளத்துக்கினு கீறேன்னு சொல்ற" என்றார். நான் முழுசாக விழித்துக்கொண்டேன். இயற்கைத் தேர்வை விளக்க எனக்கு நாலு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

ஊத்துக்கோட்டையில் டீ, இரண்டு பேருக்கு ₹30. அங்கிருந்து சீத்தஞ்சேரிப் பக்கம் திரும்பியதும் இரண்டு புறமும் காடு. ஆறு ஐம்பதுக்கு அண்ணன் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். நடு ரோட்டில் ஒரு குரங்கு அடிபட்டுக் கிடந்தது. லாரி ஏற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும். அண்ணன் பின்னால் இருந்து ஒரு கோணி எடுத்துப்போய், அதை இரண்டு கையாலும் தூக்கி, ஓரத்தில் ஒரு மரத்தடியில் கிடத்தினார். வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து மேலே போட்டார். பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வந்து ஏறினார். நான் செல்போனில் மணி பார்த்தேன். ஒன்பது நிமிஷம்.

"இதுக்கெல்லாம் நிறுத்தினா நாம எப்பண்ணா போய்ச் சேர்றது?" என்று கேட்டேன். குரலில் எரிச்சல் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

குடியம் ஊருக்கு ஏழு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி மீட்டரில் 68 கி.மீ. அங்கிருந்து குகைக்கு நடைதான், ஒரு வழிக்கு மூன்றரை கி.மீ., எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதை முழுக்க வழவழப்பான உருண்டைக் கற்கள். எந்தக் காலத்திலோ ஓடிய ஆறு உருட்டிவிட்டுப் போனவை. ஆறு இல்லை, கல் மட்டும் இருக்கிறது. பனி இன்னும் விலகாததால் முன்னே பத்தடிதான் தெரிந்தது. நடக்க நடக்க என் செருப்புச் சத்தம் யாரோ பின்னால் வருவது போல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பனிக்குள் சீனு அண்ணன் நிழலாக வந்துகொண்டிருப்பார். மறுபடி நடப்பேன். எத்தனை பேர் எத்தனை ஆயிரம் வருஷமாக இதே கல் மேல் கால் வைத்து நடந்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அது போகவே இல்லை.

குகை என்றால் சுரங்கம் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். பெரிய பாறை ஒன்று கூரையாக முன்னால் வளைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாறை முழுக்கக் கூழாங்கல் பதிந்திருக்கிறது. மேலே தேனடைகள் தொங்கின, சத்தம் போடாமல் இருந்தேன். உள்ளே ஒரு சின்ன அம்மன் கோயில். அண்ணன் இருபதடி முன்னாலேயே நின்றுவிட்டார். "நீ போய் வாம்மா. எனக்குத் தீட்டு. சாமி இருக்கிற எடத்துக்கு வரக்கூடாது" என்றார்.

நான் மட்டும் போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், நாற்பது நிமிஷம். என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் திறந்திருந்தது, ஆனால் தூக்கம் போல ஒன்று. யாரோ கல்லோடு கல்லைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உண்மையில் அது எங்கோ மரங்கொத்தி.

கண்ணைத் திருப்பினால் பக்கத்தில் ஒரு குரங்கு. வயிற்றில் குட்டி தொங்குகிறது. என் பையில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மூன்றடி தள்ளிப்போய் உட்கார்ந்தது. பயப்படவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. நான் அதன் கையைப் பார்த்தேன். விரல் நுனியில் நகம், பூனைக்கு இருப்பது போல் வளைந்த நகம் இல்லை, நம்முடையதைப் போலத் தட்டையான நகம். உள்ளங்கையில் ரேகை. பழத்தை உரித்தபோது ஒரு நார் ஒட்டிக்கொண்டது. அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்துப் போட்டது. அதே வேலையை நானும் தினமும் செய்கிறேன். என் கையையும் திருப்பிப் பார்த்தேன். கூடவே சீத்தஞ்சேரி ரோட்டில் கிடந்ததன் கையும் நினைவுக்கு வந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டேன். "யாருண்ணா தவறிட்டாங்க?"

"பங்காளிமா. தடா தாண்டி, ஆந்திராவுக்குள்ள ஒரு ஊரு. இன்னிக்கு எட்டாம் நாளு."

"ரொம்ப நெருக்கமா?"

"மூஞ்சியே பார்த்ததில்ல."

எனக்கு விளங்கவில்லை. முகமே பார்க்காத ஒருவருக்காக எட்டு நாள் தாடியா, கோயிலுக்குள் வராமல் வெளியே நிற்பதா? கேட்டேன்.

"பார்த்தா இன்னா, பார்க்காட்டி இன்னா. பங்காளி பங்காளிதான. ஏழு தலைமுறைக்குத் தீட்டு உண்டு" என்றார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஒருத்தரு அந்தாண்ட போய்ட்டாரு, ஒருத்தரு இந்தாண்ட தங்கிட்டாரு. அந்தாண்ட கீறவங்களுக்கு இப்போ தமிழ் ஒரு வார்த்தை வராது. எங்களுக்குத் தெலுங்கு அரைகொறை. அப்பாவ மட்டும் ரெண்டு பேருமே நைனான்னுதான் கூப்புடறோம்."

நான் பாதையில் நின்றுவிட்டேன். "அப்படின்னா அவங்க உங்ககிட்ட இருந்து வந்தவங்களாண்ணா?"

"இன்னாமா பேசற? நாங்க எப்படி அவங்களுக்கு அப்பனாவோம்? அவங்களும் எங்களுக்கு அப்பன் இல்ல. ரெண்டு பேருக்கும் மேல ஒருத்தரு இருந்தாரு. அவரு போய்ட்டாரு. கீழ கீறவங்க பங்காளிங்க."

"அவங்க மாறிட்டாங்களே, நீங்க ஏன் இன்னும் அப்படியே இருக்கீங்கன்னு யாராவது கேட்டா?"

"நாங்க மட்டும் அப்படியேவா கீறோம்? அந்தப் பாட்டன் வந்து நின்னா நான் பேசறது அவருக்குப் புரியுமா? அப்படிக் கேக்கறவனுக்கு வேலை இல்லன்னு அர்த்தம்."

அந்தத் தலைமை ஆசிரியரை நினைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. முகம் பார்த்ததில்லை, மொழியும் வேறு, எழுதிவைத்த காகிதமும் கிடையாது. பங்காளிதான் என்று எதை வைத்து நம்புவது?

"சொரக்கா" என்றார் அண்ணன்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தேன். அவரே சொன்னார். "எங்க வகையறால சொரக்கா சாப்பிட மாட்டோம். ஊட்டுக்குள்ளயே வராது. ஏன்னு கேக்காத, எங்க நைனாவுக்கே தெரியாது. எங்க அக்காவுக்கு அந்த ஊர்ல மாப்ள பார்த்தோம். தெலுங்கு ஊட்ல பொண்ணு குடுக்கறது எங்க பக்கம் சகஜம். நிச்சயத்தன்னிக்கு வெளியாள வெச்சு சமையலு. அவன் தெரியாம சொரக்கா கூட்டு வெச்சுட்டான். நாங்க தொடல. நிமிர்ந்து பார்த்தா எதிர் பந்தியில மாப்ள ஊட்டாளுங்களும் தொடல. பெருசுங்க எழுந்திரிச்சுப் போய் சாமி இன்னா சாமின்னு கேட்டா, ஒரே சாமி. மேல போய்க் கேட்டா ஒரே பாட்டன். பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்க முடியுமா? கல்யாணம் நின்னுபோச்சு. அன்னிலருந்து சாவுக்குச் சொல்லி அனுப்பறாங்க, நாங்களும் தாடி வுடறோம்."

போன வருஷம் எனக்கு ஞானப்பல் பிடுங்கினார்கள். தாடையில் இடமே இல்லாத இடத்தில் அது எதற்கு முளைத்தது என்று அப்போது டாக்டரைத் திட்டாத குறை. முதுகெலும்பின் அடியில் நாலைந்து எலும்பு சேர்ந்து ஒரு துண்டு, ஆட்ட வால் இல்லாத வால் எலும்பு, அதுவும் எனக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. காரணம் மறந்துபோய் வழக்கம் மட்டும் மிச்சம். கல் பாதையில் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், பாவம்.

பத்து நாற்பதுக்குப் பூண்டி. ஏரிக்குப் பக்கத்தில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது, சின்னதுதான். நுழைவு ₹5. யாரும் இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடரிகள் வரிசையாக இருக்கின்றன. இலை வடிவத்தில், இரண்டு பக்கமும் செதுக்கிய கற்கள். பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளில் மிகப் பழையவற்றுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மைப் போன்ற மனிதர்கள் பூமியில் வந்தே அதில் ஐந்தில் ஒரு பங்கு காலம்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கியது யார்? எலும்பு கிடைக்கவில்லை. முகம் தெரியாது. கை மட்டும் தெரிகிறது. அண்ணன் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்து, "எனக்கு சரியா பிடிக்கும் போல கீதே" என்றார்.

இன்னொரு மூலையில் களிக்கல் பாளத்தில் பதிந்த இலை அச்சு. பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் இருக்குமாம். ஈச்ச ஓலை போல ஒன்று, நரம்பு நரம்பாகத் தெரிகிறது. எங்கள் கம்பெனி வாசலில் அழகுக்காக நட்டிருக்கும் ஒரு செடிக்கு ஏறக்குறைய இதே இலை. வேறு வேறு செடிதான், ஆனால் கிட்டத்துச் சொந்தம். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வெளியே வந்தபோது வெயிலே புதுசாக இருந்தது.

பூண்டியிலிருந்து பழவேற்காடு, பெரியபாளையம், தச்சூர், பொன்னேரி வழியாக 70 கி.மீ. நடுவில் தச்சூர் பக்கம் சாப்பாடு, ஒரு ஆளுக்கு ₹90. இலையில் வைத்த கூட்டு சுரைக்காய். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். எனக்குச் சுரைக்காய் பிடிக்கும். ஆனாலும் நானும் தள்ளி வைத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

மூன்று மணிக்குப் பழவேற்காட்டில் தண்ணீர் வற்றியிருந்தது. ஏரி ஓரத்துச் சேறு பளபளவென்று அரை கி.மீ. தூரம். வானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாத ஒரு வெளுப்பு. ரொம்ப தூரத்தில் ஒரு வெளிர் ரோஜா நிறக் கோடு, பூநாரைகள். கிட்டே, காலடியில், சேற்றின் மேல் மீன்கள் நடந்துகொண்டிருந்தன. கனவு காண்கிறேன் என்று நினைக்காதீர்கள். விரல் நீளம், தலைக்கு மேல் துருத்திய கண், முன் துடுப்பு இரண்டையும் கைபோல ஊன்றி ஊன்றிப் போகின்றன. ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டு எம்பிக் குதிக்கின்றன.

பக்கத்தில் ஓர் அம்மா இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன மீன் என்று கேட்டேன். "உளுவைம்மா. மீன் கணக்குதான், ஆனா தண்ணிக்குள்ளயே இருன்னா இருக்காது. கரையிலயும் ரொம்ப தூரம் வராது" என்றார்.

"மீன் தவளையா மாறுறதுக்குப் பாதி வழியில நிக்குது" என்று என் முதல் டெமோவில் இதைப் பற்றித்தான் சொன்னேன். எவ்வளவு தப்பு. அந்தச் சேற்றில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும், அது எங்கேயும் போகிற அவசரத்தில் இல்லை. அதன் ஊர் அந்தச் சேறு. கரைக்கு ஏறிய பழைய மீன் வேறு ஒன்று, அது போய்ச் சேர்ந்து பல கோடி வருஷம். இது வேறு கிளை, ரொம்பப் பின்னால் வந்து, தன் பாட்டுக்குச் சேற்றில் குடித்தனம் நடத்துகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை சேற்றில் நின்றேன். இந்த மீனும், அந்த அம்மாவும், பூநாரையும், நானும், என்னைக் கடிக்கிற கொசுவும்கூட, போய்க்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒரே வாசலில் போய் நிற்போம். சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஆறு ஐம்பதுக்குக் கும்மிடிப்பூண்டி திரும்பினோம். மொத்தம் 196 கி.மீ.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். குடியம் காப்புக்காடு, வனத்துறையில் அனுமதி கேட்டுவிட்டு, வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம், அங்கே ஒரு கடையும் இல்லை. வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள், ஏப்ரலுக்கு மேல் வேண்டவே வேண்டாம். தேனடைக்குக் கீழே சென்ட், புகை, பாட்டு எதுவும் கூடாது. வழியில் செதுக்கிய மாதிரி கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். குரங்குக்கு நான் பழம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, நீங்கள் பையை மூடி வையுங்கள். ரோட்டில் தின்பண்டம் எறிவதால்தான் அவை லாரியில் அடிபடுகின்றன. பூண்டி அருங்காட்சியகம் எந்த நாள் திறப்பு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் மீன் நடப்பதைப் பார்க்கத் தண்ணீர் வற்றும் நேரம் வேண்டும், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். டிரைவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பின்னால் தலைமை ஆசிரியை, சிரிக்காத முகம். நான் கொசுவத்தியில் ஆரம்பித்து, கல், இலை, மீன் என்று போனேன். இருபதாவது நிமிஷம் அந்த அம்மா கையைத் தூக்கினார். அதே கேள்வி, வார்த்தை மாறவில்லை. குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?

நாக்கு ஒட்டப் பார்த்தது. குடியத்துப் பாதையை நினைத்துக்கொண்டேன். "குரங்கு நமக்குத் தாத்தா இல்ல மேடம்" என்றேன். "பங்காளி."

யாரும் சிரிக்கவில்லை. பங்காளி இல்லாத வீடு அந்த வகுப்பில் ஏது? ரெண்டு பேருக்கும் மேலே ஒருத்தர் இருந்தார், அவர் குரங்கும் இல்லை, மனிதரும் இல்லை, அவர் போய்விட்டார், ஒரு பக்கம் போனவர்கள் குரங்கானார்கள், ஒரு பக்கம் போனவர்கள் நாமானோம் என்று சொன்னேன். "நீங்க பார்த்தீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை. "மாறினதைப் பார்க்கல மேடம். அவ்வளவு காலம் யாரும் உயிரோட இருக்க முடியாது. ரெண்டு பந்தியிலயும் ஒரே சுரைக்காய்க் கூட்டை ஒதுக்கி வைக்கிறதைத்தான் பார்த்தேன்." சுரைக்காய்க் கதையைச் சொல்லிவிட்டு, முதுகுக்குக் கீழே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முப்பத்தெட்டுக் கைகள் பின்னால் போயின. தலைமை ஆசிரியையின் கையும் கொஞ்சம் நகர்ந்தது, நான் பார்த்தேன்.

மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பொண்ணு எழுந்து நின்றாள். இரட்டைச் சடை, ரொம்ப சீரியஸான முகம். "மிஸ், பங்காளின்னா, குரங்கு செத்தா நமக்குத் தீட்டு உண்டா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை. சீத்தஞ்சேரி ரோடு, வேப்பங்கொத்து, நான் மணி பார்த்தது எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. "தெரியலம்மா" என்றேன். டெமோ கிளாஸில் சொல்லக்கூடாத வார்த்தை அது. மணி அடித்துவிட்டது.

தலைமை ஆசிரியை வராந்தாவில் என்னைக் கடந்து நாலடி போய், நின்று, திரும்பினார். "அந்தப் பொண்ணுக்குப் பதில் யோசிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

"எப்ப மேடம்?"

"ஜூன்ல. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு."

புதன்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று மத்தியானம் சீனு அண்ணனுக்குப் போன் செய்து வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியையும் சொல்லி, "நீங்க சொல்லுங்கண்ணா, உண்டா?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டோரம் வண்டியை நிறுத்தியிருந்தார். போனில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"ஏழு தலைமுறைக்கு மேல தீட்டு இல்லமா" என்றார். "ஆனா நடு ரோட்டுல போட்டுட்டு வர முடியாதில்ல."